புது வண்டி, 11 நாள், முதல் கியரில் உதறல்: மாற்றித் தரச் சொல்லலாமா?

குற்றாலச்சாரல் | 12.06.2024, இரவு 8:15

வண்டி எடுத்து 11 நாள் ஆகுது. ஆட்டோமேட்டிக், இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். 640 கிலோமீட்டர் ஓடியிருக்கு. மேட்டில், நெரிசலில் ஊர்ந்து போகும்போது முதல் கியரில் ஸ்டீயரிங் வரைக்கும் உதறுது. ஷோரூம்ல கேட்டா "புது வண்டி சார், ஆயிரம் கிலோமீட்டர் தாண்டட்டும், செட் ஆயிடும்"ங்கிறாங்க. ரெண்டாவது தடவை போனா "இந்த மாடல் எல்லாமே இப்படித்தான்"ங்கிறாங்க. 30 நாளுக்குள்ள குறை தெரிஞ்சா வண்டியையே மாத்தித் தரணும்னு சட்டம் இருக்குன்னு கூட வேலை பார்க்கிறவர் சொல்றார். உண்மையா? விலை 13 லட்சத்துச் சொச்சம், பாதிக்கு மேல கடன். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

வேளிமலை | 12.06.2024, இரவு 10:40

அப்படி 30 நாள் சட்டம் எதுவும் நம் நாட்டில் இல்லை தம்பி. அமெரிக்காவில் புது வண்டிக்கென்றே சட்டம் இருக்கிறது. 1982-ல் கனெக்டிகட் மாநிலம் முதலில் கொண்டுவந்தது, பிறகு மற்ற மாநிலங்களும் எடுத்துக்கொண்டன. குறையோடு பிறந்த வண்டிக்கு அங்கே எலுமிச்சை என்று பெயர், சட்டத்துக்கும் அதே பெயர். நமக்கு எலுமிச்சை, சக்கரத்தடியில் வைத்து ஏற்றுகிற பழம்.

நமக்கு இருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பொருளில் குறை இருந்தால் அதைச் சரிசெய், அல்லது மாற்றிக் கொடு, அல்லது பணத்தைத் திருப்பிக் கொடு என்று உத்தரவிட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் குறை இருக்கிறது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

நாளைக்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். இதுவரை இரண்டு தடவை போனீர்களே, ஜாப் கார்டு, அதாவது குறையைப் பதியும் சர்வீஸ் சீட்டு, போட்டார்களா? "சும்மா பார்த்துத் தர்றோம் சார்" என்று வாய்ப்பேச்சில் முடித்திருந்தால் நீங்கள் போனதற்குச் சாட்சியே இல்லை. மூன்றாவது தடவை போங்கள், ஜாப் கார்டு போடாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். அதில் உங்கள் வாயால் சொன்னது உங்கள் வார்த்தையிலேயே இருக்க வேண்டும்.

அப்புறம், கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் போடுங்கள். டீலர் சொந்த லாபம் பார்ப்பவர். கம்பெனிக்குப் பேர் முக்கியம், அவர்கள் தலையிட்டால் டீலர் வழிக்கு வருவார்.

வேளிமலை | 13.06.2024, காலை 6:20

ராத்திரி எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. கடைசிப் பத்தி தப்பு. கம்பெனி தலையிடும் என்று நானும் நம்பித்தான் ஏழு மாதம் போச்சு. என் மின்னஞ்சல் ஒவ்வொன்றும் சுற்றிவந்து அதே டீலரின் அதே மேஜையில்தான் விழுந்தது. "உங்கள் குறை சம்பந்தப்பட்ட டீலருக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில் வரும். ஒரு மணி நேரத்தில் டீலர் ஃபோன் பண்ணுவார், "ஏன் சார் மேல எழுதினீங்க?" என்று.

மின்னஞ்சல் போடத்தான் வேண்டும். உதவிக்காக இல்லை, தேதிக்காக. என்றைக்கு அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு அதுதான் சாட்சி.

குற்றாலச்சாரல் | 13.06.2024, காலை 9:02

நன்றி அண்ணாச்சி. உங்களுக்கு என்ன ஆச்சுன்னு கொஞ்சம் விரிவா சொல்ல முடியுமா?

வேளிமலை | 13.06.2024, இரவு 11:30

சொல்கிறேன். நீளமாக இருக்கும்.

2021 ஆகஸ்டில் வண்டி எடுத்தேன். கம்பெனி பேரும் டீலர் பேரும் இங்கே போடப் போவதில்லை. நாகர்கோவிலில் எனக்குப் பம்புசெட் உதிரிபாகக் கடை. தண்ணீர் எங்கே ஒழுகும், எப்படி ஒழுகும் என்பது என் பிழைப்பு.

அக்டோபர் முதல் வாரம். அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்துத் திருவட்டாறு கோயிலுக்குப் போனேன். வழியெல்லாம் நல்ல மழை. இறங்கும்போது அம்மா, "லேய் மக்கா, சேலைக் கரையெல்லாம் ஈரமா இருக்குலே" என்றாள். கதவு திறந்தபோது சாரல் அடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் கால்மிதியைத் தூக்கிக் காலால் அழுத்தினால் தரைவிரிப்பிலிருந்து தண்ணீர் பிதுங்குகிறது.

அக்டோபர் 9, முதல் ஜாப் கார்டு. நான் சொன்னது: "மழை பெய்தால் இடது முன்பக்கம் உள்ளே தண்ணீர் வருகிறது." கார்டில் ஏறியது: "ஏசி வாட்டர் லீக், டிரெயின் ஹோஸ் கிளீன் செய்யப்பட்டது." ஏசியில் வடியும் நீர் வெளியே போகும் குழாய் அடைத்தால் உள்ளே தண்ணீர் வரும், உண்மைதான். ஆனால் அது மழையில்லாத நாளிலும் வரும். எனக்கு மழை நாளில் மட்டும்தான் வந்தது. சர்வீஸ் அட்வைசர் சின்னப் பையன். கம்ப்யூட்டரில் குறைகளுக்கு ஒரு பட்டியல் இருக்கும், அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். "மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது" என்று அந்தப் பட்டியலில் இல்லை என்று அவனே பிறகு சொன்னான். கிட்ட இருந்ததைப் போட்டிருக்கிறான். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்து வாரம் கழித்து, நவம்பர் நடுவில், குமரி மாவட்டமே வெள்ளத்தில் கிடந்தது. அந்த மழையில் வண்டிக்குள் மூன்று, நான்கு லிட்டர் இருக்கும். வண்டி நின்ற இடம் என் வீட்டு முற்றம், மேட்டுப்பகுதி, சக்கரத்தைக்கூடத் தண்ணீர் தொடவில்லை. மறுபடி கொண்டுபோனேன். மறுபடி டிரெயின் ஹோஸ். ஜனவரியில் ஒரு தடவை, ஏப்ரல் கோடைமழைக்கு ஒரு தடவை. நாலு கார்டிலும் அதே வாசகம், எழுத்துக்கூட மாறவில்லை. அதற்குள் உள்ளே பூஞ்சை வாடை. இடது கண்ணாடி பட்டன் அமுக்கினால் வேலை செய்யாது, பிறகு தானாக இறங்கும். டேஷுக்குக் கீழே ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தது.

மே மாதம் மேனேஜர் சொன்னார்: "சார், இது வெள்ளத்துல நின்ன வண்டி. வாரண்டில வராது. இன்சூரன்ஸ்ல போட்டுக்கோங்க."

அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் வழக்குப் போட முடிவெடுத்தேன். அதுவரை சண்டை போட எனக்கு மனசே இல்லை.

வேளிமலை | 14.06.2024, காலை 7:05

நேற்றைக்கு எழுதியதில் முக்கியமானதைச் சொல்லாமல் விட்டேன். அந்த முதல் ஜாப் கார்டு என்னைக் காப்பாற்றியது, அதே கார்டு என்னைக் கவிழ்க்கவும் பார்த்தது. தேதி அக்டோபர் 9, வெள்ளத்துக்கு முன்னால். அதனால் வெள்ளத்தில் நின்றது என்ற வாதம் நிற்கவில்லை. ஆனால் வாசகம் "ஏசி வாட்டர் லீக்". எதிர்த் தரப்பு வக்கீல் நாலு கார்டையும் காட்டி, "மனுதாரர் கொண்டுவந்தது நாலு தடவையும் ஏசி கோளாறு, நாலு தடவையும் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தோம், ஒவ்வொரு தடவையும் திருப்தி என்று கையெழுத்திட்டிருக்கிறார்" என்றார். காகிதப்படி அவர் சொன்னது சரி.

தம்பி, கார்டில் "கஸ்டமர் வாய்ஸ்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: "ஏற்றத்தில் மணிக்கு 5 முதல் 10 கிலோமீட்டர் வேகத்தில், முதல் கியரில், வண்டி உதறுகிறது. இத்தனையாவது முறை கொண்டுவருகிறேன்." எழுத மறுத்தால் பேனாவால் நீங்களே எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, ஃபோனில் படம் எடுங்கள். வண்டி திரும்ப எடுக்கும்போது திருப்தி என்ற இடத்தில் "குறை தீரவில்லை" என்று எழுதிவிட்டு எடுங்கள். கேட் பாஸ் தரமாட்டோம் என்று மிரட்டுவார்கள். கொடுப்பார்கள்.

வேளிமலை | 14.06.2024, மதியம் 1:50

இன்னொன்று. சர்வீஸ் முடிந்து மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து ஃபோன் வரும், பத்துக்கு எத்தனை மார்க் என்று. அதற்கு முன்னால் அட்வைசர் கெஞ்சுவான்: "சார், பத்துக்குப் பத்து சொல்லுங்க, இல்லன்னா எனக்கு இன்சென்டிவ் கட்." அந்தப் பையனுக்காக நான் இரண்டு தடவை பத்து சொன்னேன். ஆணையத்தில் கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களில் அந்த இரண்டு பத்தும் இருந்தன. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. பையன் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. அவன் சம்பளத்தை என் வாயில் கட்டிவைத்த ஏற்பாட்டின் மேல்தான் கோபம்.

கொங்குவண்டி | 15.06.2024, மாலை 6:11

புதுச் சட்டத்துல பொருள் பொறுப்புன்னு தனி அத்தியாயமே இருக்கே. அதுல உற்பத்திக் குறைன்னு நிரூபிச்சா கம்பெனி முழு விலையும் கொடுத்தே ஆகணும். அதை ஏன் யாரும் சொல்லல?

வேளிமலை | 15.06.2024, இரவு 9:25

ஏனென்றால் அது இதற்கு உதவாது. எல்லாரும் விழுகிற பள்ளம் இது, நானும் முதல் மனுவில் அதைத்தான் எழுதினேன். அந்த அத்தியாயம், 82 முதல் 87 வரையுள்ள பிரிவுகள், குறையுள்ள பொருளால் ஆளுக்கோ வேறு சொத்துக்கோ தீங்கு வந்தால் அதற்கான இழப்பீட்டுக்கு. "தீங்கு" என்பதற்கு அந்தச் சட்டமே தரும் விளக்கத்தில், அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதம் சேராது என்று தெளிவாக இருக்கிறது. பிரேக் பிடிக்காமல் காலொடிந்தால் அந்த அத்தியாயம். பிரேக் பிடிக்கவில்லை, வண்டியை மாற்று என்றால், நான் முதலில் சொன்ன சரிசெய், மாற்று, பணம் கொடு என்கிற 39-ஆம் பிரிவு. மனுவைத் திருத்தித் தாக்கல் செய்ய எனக்கு இரண்டு வாய்தா போனது.

வேளிமலை | 16.06.2024, காலை 10:15

ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை, உட்கார்ந்து எழுதுகிறேன். உச்ச நீதிமன்றம் எப்படிப் பார்த்திருக்கிறது என்பதை நான் படித்தவரை சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை, என் வழக்கை நானே நடத்தினேன்.

2006-ல் மாருதி உத்யோக் வழக்கு ஒன்று. வாரண்டியில் எழுதியிருப்பது குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவோம் என்றுதான், வண்டியை மாற்றித் தருவோம் என்று இல்லை. ஆகவே வண்டியை மாற்றச் சொன்னது செல்லாது என்று தீர்ப்பு. எல்லாக் கம்பெனி வக்கீலும் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான்.

2021 பிப்ரவரியில் டாடா மோட்டார்ஸ் வழக்கு, கோவாவிலிருந்து போனது. பழைய மாடலைப் புதுசு என்று டீலர் விற்றுவிட்டார். கம்பெனிக்கும் டீலருக்கும் உள்ள ஒப்பந்தம் இரண்டு தனி முதலாளிகளுக்கு இடையே உள்ளது. கம்பெனிக்குத் தெரிந்தே நடந்தது என்று காட்டாவிட்டால் டீலர் செய்ததற்குக் கம்பெனி பொறுப்பில்லை என்றார்கள். ஆகவே இரண்டு பேரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள், யார் செய்தது எது என்று பிரித்து எழுதுங்கள். உற்பத்திக் குறை கம்பெனி தலையில், சரிசெய்யாமல் இழுத்தடித்தது டீலர் தலையில்.

2022 ஏப்ரலில் ஹூண்டாய் கிரெட்டா வழக்கு, விபத்தில் முன்பக்கக் காற்றுப்பை விரியவில்லை. மோதிய வேகமும் விசையும் எவ்வளவு என்று கணக்குப் போட நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். வண்டியை மாற்றித் தரச் சொன்ன உத்தரவும் நிலைத்தது. இந்த ஒரு வரியை நான் கையால் எழுதி என் ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். வாய்தாவுக்குப் போகும் காலையில் அதைப் படித்துவிட்டுப் போவேன்.

பணம்: மாவட்ட ஆணையம் 1 கோடி வரை விசாரிக்கும். கட்டணம் நீங்கள் கொடுத்த விலையைப் பொறுத்தது. 5 லட்சம் வரை எதுவும் இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய். நீங்கள் இருக்கும் ஊரிலேயே போடலாம், 2019 சட்டம் கொடுத்த பெரிய சலுகை அது.

கொங்குவண்டி | 16.06.2024, காலை 11:40

1 கோடி இல்லீங்க, 50 லட்சம்.

வேளிமலை | 16.06.2024, மதியம் 12:05

ஆமாம், நீங்கள் சொல்வதே சரி. சட்டத்தில் 1 கோடி. 2021 டிசம்பர் 30-ல் வந்த விதியில் மாவட்டத்துக்கு 50 லட்சம், மாநில ஆணையத்துக்கு 50 லட்சத்துக்கு மேல் 2 கோடி வரை என்று குறைத்துவிட்டார்கள். தம்பியின் வண்டிக்கு எப்படியும் மாவட்டம்தான்.

குற்றாலச்சாரல் | 22.06.2024, இரவு 7:30

ஜாப் கார்டு போட்டாச்சு அண்ணாச்சி, நீங்க சொன்ன வாசகமே எழுத வெச்சேன். சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணிக் கொடுத்தாங்க. ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு, மறுபடி உதறுது. வண்டியை அங்கேயே விட்டுட்டு வந்துடலாமான்னு இருக்கு. கடன் தவணையும் நிறுத்திடலாம்னு வீட்ல சொல்றாங்க.

வேளிமலை | 22.06.2024, இரவு 8:10

தவணையை நிறுத்தாதீர்கள். வங்கிக்கும் வண்டியின் குறைக்கும் சம்பந்தமே இல்லை. நிறுத்தினால் வண்டியைத் தூக்குவார்கள், கடன் வாங்கும் தகுதியைக் காட்டும் சிபில் மதிப்பெண் கெடும், வழக்கில் சோதிக்க வண்டியே இருக்காது.

வண்டியை அங்கே விடுவதும் வேண்டாம். ஒருவர் தன் பழுதான காரில் கழுதையைக் கட்டி இழுத்து ஊர்வலம் போன படத்தை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்த மனசு எனக்கு நன்றாகப் புரிகிறது. 2022 மே மாதம் வண்டியில் பேனர் கட்டி ஷோரூம் வாசலில் நிறுத்த நானும் கிளம்பினேன். அம்மாதான், "அங்க வேல பாக்குற பொம்பளப் பிள்ளையளு என்னலே செஞ்சுது?" என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஓட்டுங்கள், ஆனால் அளவாக. விசாரணையில் ஓடோமீட்டரைக் கேட்பார்கள். என் வண்டி 21,400 ஓடியிருந்தது. "இவ்வளவு ஓடிய வண்டியில் என்ன குறை?" என்று ஒரு நாள் முழுக்க அதையே வாதாடினார்கள்.

வேளிமலை | 23.06.2024, காலை 6:45

உங்கள் கியர்பாக்ஸைப் பற்றி ஒன்று, கசப்பாக இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் இரண்டு கிளட்ச். ஒன்று 1, 3, 5 கியருக்கு, மற்றது 2, 4, 6-க்கு. உலர்ந்த வகை என்றால் குளிர்விக்க எண்ணெய் இல்லை, காற்று மட்டும்தான். ஏற்றத்தில் பிரேக்கை விட்டு, ஆக்சிலேட்டரை லேசாக அமுக்கியே வண்டியை நிறுத்திவைத்தால் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உராய்ந்து சூடேறும். உங்களுடைய கையேட்டிலேயே அப்படிச் செய்யாதே என்று இருக்கும், படித்துப் பாருங்கள். நீங்கள் அப்படி ஓட்டியிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அதன்பிறகும் உதறினால் அதுவே உங்களுக்குப் பலம். "ஓட்டுநர் தவறு" என்பார்கள், அப்போது பதில் இருக்க வேண்டும்.

அட்வைசரைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே ஏற்றத்தில் ஓட்டிக் காட்டுங்கள். அவர் ஓட்டினாலும் உதறுகிறதா என்று பாருங்கள். ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீடுகளையும் கிளட்ச் வெப்பநிலையையும் அச்செடுத்துக் கேளுங்கள். அதே மாடல் டெஸ்ட் டிரைவ் வண்டியை அதே ஏற்றத்தில் ஏற்றச் சொல்லுங்கள். "எல்லா வண்டியும் இப்படித்தான்" என்றால் அந்த வண்டியும் உதற வேண்டும்.

வேளிமலை | 11.07.2024, இரவு 9:50

இங்கே ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார், வண்டி கம்பெனி பேரில் பதிவாகியிருக்கிறது, நுகர்வோர் வழக்கு போடலாமா என்று. நேற்று முன்தினம், ஜூலை 9, டெய்ம்லர் கிரைஸ்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இயக்குநரின் சொந்த உபயோகத்துக்குக் கம்பெனி பேரில் கார் வாங்கினால் அதை வணிக நோக்கம் என்று தள்ள முடியாது. டாக்ஸிக்கு ஓட்டினால் கதை வேறு. அங்கேயும் ஒரே வண்டியைச் சொந்தப் பிழைப்புக்காக ஓட்டுபவருக்கு விலக்கு உண்டு.

குற்றாலச்சாரல் | 02.08.2024, மாலை 5:20

டெஸ்ட் டிரைவ் வண்டியை ஏத்திக் காட்டச் சொன்னேன் அண்ணாச்சி. ஏத்தினாங்க. உதறவே இல்லை. வீடியோ எடுத்திருக்கேன். மேனேஜர் முகமே மாறிடுச்சு. கம்பெனி இன்ஜினியர் வர்றதாச் சொல்லியிருக்காங்க.

வேளிமலை | 02.08.2024, மாலை 5:24

அந்த வீடியோவை இன்றைக்கே மின்னஞ்சலில் அவர்களுக்கே அனுப்புங்கள்.

வேளிமலை | 04.08.2024, காலை 9:30

என் வழக்கின் மீதியைப் பலர் கேட்கிறீர்கள்.

2022 செப்டம்பரில் போட்டேன். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு, அதற்குள் போட வேண்டும். வண்டி வாங்கிய நாளிலிருந்து என்று நினைத்துப் பதறாதீர்கள், ஆனால் அப்படி நினைத்தே தேதி வைத்துக்கொள்வது நல்லது. டீலர் தன் பதிலை 52-ஆம் நாள் கொண்டுவந்தார். 30 நாள், கூடுதலாக 15, அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்று 2020-லேயே உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. அதனால் டீலரின் பதிலை ஆணையம் ஏற்கவில்லை. கம்பெனி நேரத்தில் தாக்கல் செய்தது, வாதமெல்லாம் அவர்களோடுதான்.

நிபுணர் வேண்டும் என்று நானே மனுப் போட்டேன். இதை முதல் நாளே போட்டிருக்க வேண்டும், எட்டு மாதம் தாமதித்தேன். ஆணையம் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியரை நியமித்தது. அவருக்கு 7,500 ரூபாய், நான் கட்டினேன். அவர் வந்த நாளை மறக்க முடியாது. முன்சீட்டைக் கழற்றினார், விரிப்பைச் சுருட்டினார், ஈரத்தைத் துடைத்துத் தரையில் முகப்பவுடர் தூவினார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற சாதாரண ஹோஸ். கீழே சக்கரப் பக்கமிருந்து ஆரம்பித்துப் பத்துப் பத்து நிமிடமாக மேலே ஏறினார். மேலேயிருந்து ஊற்றினால் எல்லா இடத்திலும் வழியும், எது ஓட்டை என்று தெரியாது என்றார். மூன்றாவது பத்து நிமிடத்தில், முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் பெட்டியின் இடது மூலையில் ஊற்றும்போது, பவுடரில் ஒரு கோடு இறங்கியது. இரண்டு தகடுகள் சேரும் விளிம்பில் பூச வேண்டிய சீலன்ட், அதாவது நீர்புகாமல் அடைக்கும் பசை, ஒரு விரற்கடை நீளத்துக்கு இல்லை. தொழிற்சாலையில் பூசத் தவறியது, மேலே பெயின்ட் அடித்து மறைந்திருக்கிறது.

ஒரு விரற்கடை. இதற்காகத்தான் இரண்டு வருஷம்.

நாலு தடவை கொண்டுபோனேன், ஒரு தடவையாவது யாராவது விரிப்பைத் தூக்கி ஹோஸ் பிடித்திருந்தால் நூறு ரூபாய் சீலன்டில் அன்றைக்கே தீர்ந்திருக்கும். இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

2024 பிப்ரவரியில் உத்தரவு. கம்பெனி இன்ஜினியர் முன்னிலையில் குறையை நீக்கி, ஒயரிங்கும் விரிப்பும் புதிதாகப் போட வேண்டும். இழப்பீடு 1,00,000, செலவுத்தொகை 10,000. வண்டியை மாற்றித் தரும் கோரிக்கை தள்ளுபடி.

வேளிமலை | 04.08.2024, இரவு 10:00

காலையில் எழுதியதைப் படித்த என் மனைவி, "தோத்த மாதிரி எழுதியிருக்கீங்க" என்கிறாள். இல்லை. ஆனால் மனுவில் நான் கேட்டது வண்டியை மாற்று, அல்லது முழுப் பணம், இவ்வளவுதான். "இவை இரண்டும் இல்லையென்றால் குறையை முழுவதும் நீக்கி இழப்பீடு" என்று மாற்றுக் கோரிக்கை எழுதவே இல்லை. ஆணையம் தானாகத் தந்தது. தராமல் மனுவைத் தள்ளியிருந்தால் மேல்முறையீடுதான். மூன்றையும் அடுக்கி எழுதுங்கள்.

மாற்றித் தர ஏன் இவ்வளவு முரண்டு என்பதும் எனக்குப் பிறகுதான் புரிந்தது. உங்கள் பேரில் பதிவு விழுந்த நிமிடம் அது பழைய வண்டி. நீங்கள் கட்டிய ஆயுள் வரி, இன்சூரன்ஸ் எதுவும் அவர்களிடம் இல்லை. திருப்பி எடுத்தால் புதுசாக விற்கவும் முடியாது. ஆகவே உங்கள் கை ஓங்கியிருப்பது பதிவுக்கு முன்னால் மட்டும். அடுத்து வண்டி எடுப்பவர்கள், யார்டில் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கால்மிதியைத் தூக்குங்கள், சேஸிஸ் எண்ணைப் பாருங்கள், விற்பனைச் சான்றான படிவம் 21-ல் தயாரித்த மாதத்தைப் பாருங்கள், ஏற்றத்தில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். பிறகு பதிவுக்குப் பணம் கட்டுங்கள். பூஜை எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

கொங்குவண்டி | 05.08.2024, காலை 8:30

அரசாங்கமே திரும்ப அழைக்கச் சொல்லலாம்னு சட்டத் திருத்தம் வந்துச்சே?

வேளிமலை | 05.08.2024, மதியம் 2:15

வந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல். ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு. அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாகனில் புகார் பதியலாம்; ஒரே மாடலில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் புகார் சேர்ந்தால் ஆய்வு, பிறகு கட்டாயத் திரும்ப அழைப்பு, மீறினால் 10 லட்சம் முதல் 1 கோடி வரை அபராதம். ஆனால் ஆளுக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஆபத்தான குறைக்குத்தான். உங்கள் தனி வண்டிக்கு அதனால் பணம் வராது. இருந்தாலும் பதியுங்கள். ஏற்றத்தில் இழுவை அறுந்து வண்டி பின்னால் உருண்டால் அது ஆபத்துதானே.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லிவையுங்கள். எனக்கு அதில் தீர்வு கிடைக்கவில்லை, புகார் எண் கிடைத்தது. அந்த எண் மனுவில் ஒரு வரியாக ஏறியது.

குற்றாலச்சாரல் | 19.09.2024, இரவு 9:45

கம்பெனி இன்ஜினியர் வந்தார் அண்ணாச்சி. அவரே ஓட்டிப் பார்த்தார், நாலாவது ஏத்தத்துல உதறிச்சு. கிளட்ச் அசெம்பிளி மொத்தமா மாத்திட்டாங்க. காசு வாங்கலை. 1,100 கிலோமீட்டர் ஆச்சு, உதறல் இல்லை. வழக்கு போடணுமா விட்டுடணுமா?

வேளிமலை | 19.09.2024, இரவு 10:20

கண் நிறைந்த சந்தோஷம் தம்பி. வழக்கு வேண்டாம். ஆனால் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்: எந்தத் தேதியில், என்ன பாகம் எண், என்ன காரணத்துக்காக மாற்றினார்கள், மாற்றிய பாகத்துக்கு எத்தனை நாள் வாரண்டி. தரமாட்டேன் என்றால் ஜாப் கார்டும் பூஜ்ஜிய ரூபாய் பில்லும் போதும்.

வேளிமலை | 03.01.2025, மாலை 4:40

புதிதாகப் படிப்பவர்களுக்கு. இணையத்தில் மனுத் தாக்கல் செய்ய நான் பயன்படுத்தியது இ-தாகில். ஜனவரி 1 முதல் இ-ஜாக்ருதி என்ற தளம் வந்திருக்கிறது, அதில்தான் இனி. என் பழைய குறிப்புகளைப் பார்த்து அலைய வேண்டாம்.

நாகூர்க்காற்று | 26.10.2025, காலை 10:05

முழுசும் படிச்சேன் அண்ணே. ஒண்ணு கேக்கலாமா? அந்த வண்டி இப்ப எப்படி இருக்கு? விக்கிறதா இருந்தா வாங்குறவர்கிட்ட இதைச் சொல்லுவீங்களா?

வேளிமலை | 26.10.2025, இரவு 8:50

வண்டி என்னிடம்தான் இருக்கிறது, 58,000 தாண்டிவிட்டது. கம்பெனி மேல்முறையீடு போகவில்லை, 45 நாள் கழிந்த மறுவாரம் காசோலை வந்தது. மழைவிட்ட மறுநாள் கால்மிதியைத் தூக்கிக் கையை வைத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. இந்த வாரமும் பார்த்தேன், காய்ந்துதான் இருக்கிறது. அம்மா இப்போது முன்சீட்டில் உட்காருவதில்லை, முட்டு வலிக்கிறது என்று பின்னால் காலை நீட்டிக்கொள்கிறாள்.

விற்றால் சொல்லுவேன். நாலு ஜாப் கார்டு, பேராசிரியர் அறிக்கை, உத்தரவு நகல், மாற்றிய ஒயரிங்கின் பில், எல்லாம் ஒரே ஃபைலில் கட்டி வைத்திருக்கிறேன். சாவியோடு அதையும் கொடுப்பேன். விலையில் முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ குறையும் என்று இங்கே ஒரு புரோக்கர் சொன்னார். குறையட்டும்.